காணி போன வழியில் ஒரு வம்சம்

கொழும்பின் பழைய காணிக்காரக் குடும்பங்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வம்சாவளி இருக்கும். ஒன்று விறாந்தைச் சுவரில் தொங்குவது. அதன் உச்சியில் ஒரு முதலியார் இருப்பார். கீழே வரவர மகன்மார், பேரன்மார், அவர்கள் வகித்த பதவிகள், வாங்கிய பட்டங்கள். மற்றது நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில், எப்போதோ நடந்து முடிந்த ஒரு பாகப்பிரிவினை வழக்கின் கோவைக்குள் மடித்துக் கிடக்கும். அதில் பட்டம் பதவி ஒன்றும் கிடையாது. பெயருக்குப் பக்கத்தில் 1/12, 5/96 என்று பின்னங்கள்தான். சுவரில் இல்லாத ஒரு தங்கச்சி அங்கே இருப்பாள். பிள்ளையில்லாமல் செத்துப்போன ஒரு சித்தப்பா இருப்பார். இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளும் வரிசையாக நிற்பார்கள்.

ஒரு குடும்பத்தின் கதையை அறிய வேண்டும் என்றால் நான் இரண்டாவதைத்தான் முதலில் கேட்பேன். அதிலும் பொய் உண்டு, சில வேளை சுவரில் இருப்பதைவிட அதிகம். ஆனால் யாருக்கு என்ன கிடைக்க அந்தப் பொய் சொல்லப்பட்டது என்பது அதே காகிதத்தில் தெரியும். காணியில் பங்கு இருந்தவரை பெயர் இருக்கும். பங்கு போனால் பெயரும் போய்விடும். கொழும்பில் வம்சம் தேடுவது என்பது பெரும்பாலும் காணி கைமாறிய வழியைப் பின்னோக்கி நடப்பதுதான்.

முதலில், இந்தக் குடும்பங்களுக்குக் காணி வந்தது எப்படி என்று பார்த்துவிடலாம். 1656இல் கொழும்பைப் போர்த்துக்கீசரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர், உள்ளூர் நிருவாகத்தை முதலியார்கள், முகாந்திரங்கள் வழியாகவே நடத்தினார்கள். இங்கே முதலியார் என்பது அரசாங்கம் கொடுத்த பதவி. தமிழ்நாட்டில்போலச் சாதிப் பெயர் அல்ல. பதவிக்குச் சம்பளமாகப் பெரும்பாலும் நிலம் கிடைத்தது. பதவி போனால் அந்த நிலமும் போய்விடும். ஆகவே பதவியைக் குடும்பத்துக்குள் வைத்திருப்பதும், பதவியுள்ள வீடுகளுக்குள்ளேயே கல்யாணம் செய்வதும் பிழைப்புக்கான வழியாயின. சிங்கள முதலியார் குடும்பங்களான பண்டாரநாயக்க, ஒபேசேகர, டி சேரம் போன்றவை ஒன்றுக்குள் ஒன்று இப்படிப் பின்னிக் கிடப்பதற்கு இது பெரிய காரணம். இன்னொன்று, பண்டாரநாயக்க குடும்ப மரபின்படி அவர்களின் மூதாதை நீலப்பெருமாள் பண்டாரம் என்ற தென்னிந்தியர்; நவகமுவைக் கோயிலோடு தொடர்புடையவர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்த எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் வம்சக் கொப்பு இப்படித் தொடங்குவதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் வழி மாறியது. 1832இல் இராஜகாரியம் என்ற கட்டாய ஊழியம் ஒழிந்தது, அடுத்த ஆண்டு கறுவா ஏகபோகம் முடிந்தது, முடிக்குரிய நிலம் ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு விற்பனைக்கு வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமை காட்ட முடியாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. உறுதி, அதாவது எழுதிய காணிப் பத்திரம், வைத்திருந்தவன் பிழைத்தான். வாய்வழி உரிமை வைத்திருந்தவன் இழந்தான். கோப்பி, தென்னை, சாராயக் குத்தகை, காரீயச் சுரங்கம் என்று பணம் சேர்த்த புதுக் குடும்பங்கள் எழுந்தன. மொறட்டுவை ஜெரோனிஸ் டி சொய்சா (1797–1862) அங்குராங்கெத்தைப் பக்கம் கோப்பி போட்டுப் பெரும் பணக்காரரானார். 1853இல் முதலியாரும் ஆனார். இவருக்குக் காணி முதலில் வந்தது, பதவி பிறகுதான் வந்தது. அவர் மகன் சார்ள்ஸ் ஹென்றி டி சொய்சா 1870இல் அல்பிரட் இளவரசருக்குக் கொள்ளுப்பிட்டி வீட்டில் விருந்து வைத்தார். அதற்குப் பிறகு பகத்தல் வளவு அல்பிரட் ஹவுஸ் ஆனது. அந்தப் பெருந்தோட்டம் பிற்பாடு துண்டுதுண்டாகப் பிரிந்துபோனாலும் அல்பிரட் ஹவுஸ் கார்டன்ஸ், பகத்தல் வீதி என்று பெயர்கள் நிற்கின்றன. கொழும்பில் இப்படி ஒரு வளவின் பெயர் பல சிறு வீதிகளுக்குச் சிதறியிருந்தால், அங்கே ஒரு பங்குபிரிப்பு நடந்திருக்கிறது என்று துணிந்து தேடலாம்.

தமிழ் பேசுவோரிடையே நிலைமை பலவிதம். கொழும்புச் செட்டிகள் ஒல்லாந்தர் காலத்திலேயே புறக்கோட்டை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வேரூன்றியவர்கள். ஒண்டாச்சி குடும்பத்தின் கதையோ தஞ்சாவூரிலிருந்து 1659இல் வந்த ஒரு வைத்தியரோடு தொடங்குகிறது. முஸ்லிம்களான சோனகர்களுக்கு ஒல்லாந்தர் ஆட்சியில் கோட்டைக்குள்ளும் புறக்கோட்டையிலும் வீடு காணி வைத்திருக்கத் தடை இருந்தது. பழைய சோனகக் குடும்பங்களின் காணித் தொடரை அந்த இரண்டு இடங்களிலும் 19ஆம் நூற்றாண்டுக்கு முன்னால் தேடிப் பயனில்லை. கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்கார் (1829–1925) போன்ற கட்டட ஒப்பந்தக்காரர்கள் நிலத்தில் காசைப் போட்டதெல்லாம் அதற்குப் பிந்திய கதை. யாழ்ப்பாணத்திலிருந்து உத்தியோகத்துக்கு வந்து நிலம் வாங்கியவர்கள் இன்னொரு வகை.

அந்த வகையில் எல்லாருக்கும் தெரிந்த குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். கேட் முதலியார் ஆ. குமாரசுவாமி (1783–1836) ஆளுநரின் மொழிபெயர்ப்பாளராக இருந்து, 1830களில் அமைந்த சட்டநிரூபண சபையின் முதல் தமிழ் உறுப்பினரானவர். மகன் சேர் முத்துக்குமாரசுவாமி. மகள் செல்லாச்சி, அருணாசலம் பொன்னம்பலத்தை மணந்தார். இவர்களின் பிள்ளைகள்தான் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்ற மூவர். முத்துக்குமாரசுவாமி 1875இல் எலிசபெத் பீபி என்ற ஆங்கிலேயப் பெண்ணை மணந்தார்; 1877இல் பிறந்த ஒரே மகன் ஆனந்த குமாரசுவாமி. 1879இல் முத்துக்குமாரசுவாமி மறைந்ததும் சட்டநிரூபண சபையில் அவர் இடத்துக்கு வந்தவர் சகோதரி மகன் இராமநாதன்.

இதை ஆங்கிலேய முறையில், குடும்பப் பெயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தேடினால் இரண்டு தலைமுறையில் வழி முட்டிவிடும். பொன்னம்பலம் என்பது மூவருக்கும் தகப்பன் பெயர் மட்டுமே. அருணாசலத்தின் மகன் சேர் அருணாசலம் மகாதேவாவின் பெயரில் பொன்னம்பலம் இல்லை. ஆனந்தவின் பெயரில் இருக்கும் குமாரசுவாமியோ, மேல்நாட்டு வழக்கப்படி பரம்பரைப் பெயராக மாறிப்போன பாட்டன் பெயர். சரி, அப்படியானால் எதைப் பிடிப்பது? பெயர் திரும்பி வருவதைப் பிடிக்க வேண்டும். மூத்தவனுக்குத் தாய்வழிப் பாட்டன் பெயர். கடைசிப் பிள்ளைக்குத் தகப்பன்வழிப் பாட்டன் பெயர். அருணாசலம் தன் பிள்ளைகளில் ஒருவருக்கு அண்ணன் இராமநாதனின் பெயரை வைத்தார். ஓர் உறுதியில் அறியாத ஒரு பெயர் வந்து, அது இரண்டு தலைமுறைக்கு முன்னால் வந்த பெயராகவும் இருந்தால், அந்த ஆள் யார் வழியில் வந்தவர் என்று பாதி ஊகித்துவிடலாம். மீதிப் பாதிக்கு ஆதாரம் வேண்டும். இங்கேதான் ஆர்வலர் பலர் ஊகத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

இன்னும் கவனிக்க வேண்டியது செல்லாச்சியை. இந்தக் குடும்பத்தின் புகழை இரண்டாம் சுற்றுக்குக் கொண்டுபோனது அவர் வழி. ஆனாலும் மேடைப் பேச்சுகளில் ‘மூன்று சகோதரர்கள்’ வருவார்கள், ‘தாத்தா’ வருவார். நடுவில் இருந்தவர் பெரும்பாலும் வருவதில்லை. காணிக் காகிதங்களில் பெண்கள் இவ்வளவு இலேசாக மறைவதில்லை. சீதன உறுதி இருக்கும். புருஷன் சம்மதத்தோடு விற்ற உறுதி இருக்கும். விதவையாகிப் பிள்ளைகளுக்கு எழுதிக்கொடுத்த நன்கொடை உறுதியும் இருக்கும்.

மூவரில் இளையவரான அருணாசலம்தான் 1880களின் கடைசியில் பதிவாளர் நாயகம் பொறுப்பை ஏற்று, சீர்கெட்டுக் கிடந்த பதிவுகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டையும் நடத்தியவர். இன்று நாம் தேடும் ஏடுகள் தேடக்கூடிய நிலையில் இருப்பதில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு.

இனி ஏடுகள். இன்றிலிருந்து பின்னோக்கித்தான் போக வேண்டும். மேலே இருந்து இறங்கினால் விரும்பிய முதலியாரிடமிருந்து விரும்பியபடி இறங்கலாம், ஆதாரம் நிற்காது. கையில் இருக்கும் உறுதியில் தொடங்கி, காணிப் பதிவகத்தில் ஏட்டுப் பக்கங்களின் பிரதியை, அதாவது பத்திருவை, எடுத்தால் அந்தக் காணியில் நடந்த விற்பனை, ஈடு, நன்கொடை எல்லாம் வரிசையாக வரும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணிக் கைமாற்றம் செல்லாது. 1863இலிருந்து உறுதிகளைப் பதியவும் சட்டம் வந்தது. ஆக, 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஒரு பொறுமைசாலி தொடர்ந்து நடந்து போய்விடலாம்.

உறுதியை வாசிப்பதில் ஒரு பழக்கம் வேண்டும். விற்றவர், வாங்கியவர், விலை என்று பார்த்துவிட்டு மூடுவார்கள். உரிமை வந்த வழி சொல்லும் பந்தியில் இருக்கிறது வம்சம்: ‘என் தகப்பனார் இன்னார் இறந்ததால் எனக்கும் என் சகோதரிகள் இருவருக்கும் வந்ததும்’ என்று ஒரு வரியில் ஒரு குடும்பமே நிற்கும். அப்புறம் எல்லைகள். வடக்கே இன்னாரின் தோட்டம், கிழக்கே இன்னாரின் வாரிசுகளின் காணி என்று வரும். ஒரே தோட்டத்தை உடைத்துக்கொண்ட அண்ணன் தம்பிகள்தான் பெரும்பாலும் பக்கத்துக் காணிக்காரர்கள். ‘வாரிசுகள்’ என்ற சொல் புதிதாகத் தோன்றும் ஆண்டைக் குறித்துக்கொண்டால், மரணப் பதிவு கிடைக்காத ஒருவர் ஏறத்தாழ எப்போது இறந்தார் என்பது தெரியும். சாட்சிகளையும் விட வேண்டாம். மைத்துனரும் சம்பந்தியும்தான் அடிக்கடி சாட்சிக்கு வருவார்கள்.

அதற்கு முன்னால் போனால் ஒல்லாந்தரின் தோம்புகள். 18ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட இவை கறுவாத்தோட்டத்தில் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன. தலைத் தோம்பில் குடும்பமும் அது அரசாங்கத்துக்குச் செய்ய வேண்டிய ஊழியமும் இருக்கும். காணித் தோம்பில் வயலும் தோட்டமும், தென்னை எத்தனை, பலா எத்தனை, கமுகு எத்தனை என்பதும் இருக்கும். வம்சம் பதிவதற்காக இவை எழுதப்படவில்லை. யாரிடம் என்ன வேலை வாங்கலாம், எவ்வளவு வரி பிடிக்கலாம் என்பதே கணக்கு. அதனாலேயே எனக்கு இவற்றில் நம்பிக்கை அதிகம்: வரிக்காரனிடம் யாரும் தன்னைப் பெரிதாகக் காட்டிக்கொள்ள மாட்டான். சிறிதாகக் காட்டியிருப்பான் என்பதையும் நினைவில் வைத்து வாசித்தால் சரி.

இவற்றோடு பாடசாலைத் தோம்பு என்று ஒன்று. ஒல்லாந்த சீர்திருத்தச் சபையின் பாடசாலைகளில் ஞானஸ்நானமும் கல்யாணமும் பதியப்பட்ட ஏடு அது. சபையில் பதிந்த கல்யாணத்துக்குத்தான் சட்ட மதிப்பு, அதில் பிறந்த பிள்ளைக்குத்தான் சிக்கலில்லாத சொத்துரிமை. ஆகவே வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டவர்களும் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, போனவர்களும் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்துப் பெயரைப் பதிந்துவிட்டு வந்தார்கள். ஏட்டில் பிலிப்பு, வீட்டில் முத்துக்குமாரு. இரண்டும் ஒரே ஆள் என்று காட்டாத வரை கொப்பு அங்கே முறிந்து நிற்கும். 1757இல் திறக்கப்பட்ட வுல்பெண்டால் தேவாலயத்தின் ஏடுகளில் செட்டிக் குடும்பங்களையும் ஐரோப்பிய வழிவந்த பறங்கிக் குடும்பங்களையும் தேடுவோர், ‘மதம் மாறினார்’ என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போவது அவசர முடிவு. பலருக்கு அது காணியைக் காப்பாற்றும் வேலை. பறங்கியருக்கு ஒரு வசதி உண்டு: 1908இல் தொடங்கிய அவர்களின் சங்கம் தன் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டு வைத்துவிட்டது. நமக்கு அப்படி ஒரு முயற்சி நடக்கவில்லை.

பின்னங்களை வாசிக்க, எந்தச் சட்டம் யாருக்கு என்பதும் தெரிய வேண்டும். ரோமன் டச்சுச் சட்டப்படி புருஷன் பெண்சாதி சொத்து ஒன்றாகக் கலந்துவிடும். ஒருவர் இறந்தால் பாதி மற்றவருடையது. 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் அதை மாற்றியது. அது 1877 ஜூன் 29 முதல் நடைமுறைக்கு வந்தது. கல்யாணம் அந்தத் தேதிக்கு முன்னா பின்னா என்பதைப் பொறுத்துப் பங்குகள் வேறாகும். ஆகவே பங்குக் கணக்கு உதைத்தால் முதலில் கல்யாண ஆண்டைச் சந்தேகப்பட வேண்டும். முஸ்லிம்களுக்கு ஷரீஅத் முறையில் மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று. பின்னத்தைப் பார்த்தே எத்தனை ஆண், எத்தனை பெண் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். யாழ்ப்பாணத்தாருக்கு, 1707இல் ஒல்லாந்தர் எழுதிவைத்த தேசவழமை: முன்னோர் வழி வந்த முதுசம், பெண்ணுக்குக் கொடுத்த சீதனம், கல்யாணத்துக்குப் பிறகு தேடிய தேட்டம். சீதனம் வாங்கிப் போன மகளுக்குத் தகப்பன் சொத்தில் மேற்கொண்டு கேட்க இடமில்லை என்பதே பழைய வழமை. சகோதரர்களின் பங்குக் கணக்கில் அவள் பெயர் இல்லாததற்கு அவள் பிறக்கவில்லை என்று பொருள் இல்லை. கொழும்பில் இரண்டு தலைமுறை இருந்துவிட்ட குடும்பம் இன்னும் யாழ்ப்பாணத்துக் குடியா என்ற கேள்வியிலும் வழக்குகள் நடந்திருக்கின்றன. சொந்த ஊர் எது, வீடு வாசல் எங்கே, நிரந்தரமாக இருக்க வந்தார்களா என்றெல்லாம் சாட்சி சொன்ன அந்தப் பக்கங்கள் ஒரு குடும்பத்தின் இடப்பெயர்வு வரலாறாகவே இருக்கும்.

ஆனால் சுரங்கம் என்று சொல்லக்கூடியது பாகப்பிரிவினை வழக்குத்தான். 1863ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம், அப்புறம் 1951இன் சட்டம், இப்போது நடப்பில் உள்ள 1977இன் 21ஆம் இலக்கச் சட்டம். பிரிக்காத காணியில் பங்கு உள்ள எவரும் வழக்குப் போடலாம். போடுபவர் உரிமை இறங்கி வந்த வழியை வம்சாவளியாகக் காட்ட வேண்டும். காணியில் அறிவித்தல் ஒட்டுவார்கள், நில அளவையாளர் வந்து அளப்பார், உரிமை கோருபவர்கள் அவரிடம் வந்து பெயர் கொடுப்பார்கள். எதிராளி தன் வம்சாவளியைக் கொண்டுவருவார். ஒரே காணிக்கு இரண்டு மூன்று கொப்புகள் மோதும். ஒன்றில் மூலவருக்கு மூன்று பிள்ளைகள், மற்றதில் ஐந்து. ஒருவர் பிள்ளையில்லாமல் இறந்தார் என்று ஒரு பக்கம் சொல்லும். அவருடைய பேரன் நான்தான் என்று இன்னொருவர் கூண்டில் ஏறுவார்.

இந்த மோதலுக்குக் காரணம் சட்டத்தின் ஒரு தன்மை. இறுதித் தீர்ப்பு வழக்கில் இருந்தவர்களை மட்டும் கட்டுவதில்லை. உலகம் முழுவதையும் கட்டும். விடுபட்ட ஒன்றுவிட்ட அண்ணன் பிறகு உறுதியோடு வந்தாலும் பெரும்பாலும் பயனில்லை. வெளிநாட்டில் இருப்பவர், வேறு மதத்தில் கல்யாணம் முடித்தவர், ஏழையாகிப் போனவர் ஆகியோரை மறந்துவிடுவதில் இலாபம் இருந்தது. கட்சிக்காரர்கள் எல்லாரும் ஒத்துக்கொண்டாலும் நீதிமன்றம் தானே உரிமையை ஆராய வேண்டும் என்று மேல்நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டி வந்ததும் இதனால்தான். ஆகவே வழக்கில் ஏற்கப்பட்ட கொப்பை அப்படியே பிரதி எடுக்காமல், தோற்ற கொப்பையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். தோற்றவர் பொய்க்காரர் என்று இல்லை. அவரிடம் பிறப்புப் பதிவு இல்லாமல் போயிருக்கலாம், நல்ல பிரக்கிராசி (வழக்கறிஞர்) கிடைக்காமல் போயிருக்கலாம்.

வசதியுள்ள குடும்பங்கள் இந்தச் சிதறலைத் தடுக்க இன்னொரு வழி வைத்திருந்தன: பிதெய்கொமிசம். காணியை மகனுக்கு எழுதும்போதே, விற்கவும் ஈடு வைக்கவும் கூடாது, அவன் பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் போக வேண்டும் என்று கட்டிவிடுவார்கள். 1972இன் 20ஆம் இலக்கச் சட்டம் இதை ஒழிக்கும் வரை கொழும்பின் நல்ல வளவுகள் பல இப்படிக் கட்டுண்டு கிடந்தன. அவற்றில் ஒன்றை விற்க வேண்டுமானால் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதி கேட்கும் மனுவில் உயிரோடிருக்கும் சந்ததியார், பால்குடிப் பிள்ளை உட்பட, பெயர் வர வேண்டும். தேடுபவருக்கு இதைவிடச் சுகமான காகிதம் இல்லை.

குடும்பம் நொடிந்த கதையை ஈட்டு உறுதிகளில் பார்க்கலாம். செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கோப்பிக் காலத்திலிருந்தே கடன் கொடுத்தவர்கள். 1929க்குப் பிறகு தேங்காய் விலை விழுந்தபோது ஈட்டில் இருந்த தென்னந்தோட்டங்கள் பல அவர்கள் கைக்குப் போயின. உறுதித் தொடரில் திடீரென்று மூன்று நான்கு எழுத்து முதலெழுத்துகளோடு ஒரு பெயர் வந்தால் கொப்பு அங்கே முடிகிறது. காணி மட்டும் தொடர்கிறது.

1972இன் காணிச் சீர்திருத்தச் சட்டம் ஒருவருக்கு 50 ஏக்கர், அதில் வயல் 25 என்று உச்சவரம்பு வைத்தது. அடுத்த ஆண்டு வீடுகளுக்கும் உச்சவரம்பு வந்தது. காப்பாற்றக்கூடியதைக் காப்பாற்றப் பிள்ளைகள் பெயருக்கு மாற்ற அனுமதி கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. அந்த இரண்டு ஆண்டுக் காகிதங்களில் குடும்பங்கள் தங்களைத் தாங்களே எழுதிக் கொடுத்துவிட்டன.

1983 ஜூலையில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி வீடுகளோடு உறுதிகளும் எரிந்தன. ஓர் உறுதிக்கு மூன்று பிரதி: மூலம் சொந்தக்காரரிடம், ஒன்று நொத்தாரிசிடம், ஒன்று காணிப் பதிவகத்தில். வீட்டில் எரிந்தது போனாலும் பதிவகப் பிரதியிலிருந்து உரிமையை மீட்டவர்கள் இருக்கிறார்கள். சுவரில் தொங்கிய வம்சாவளிக்கும் படங்களுக்கும் அப்படி இரண்டாம் பிரதி இருக்கவில்லை. அதனால் கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இன்று மிஞ்சியிருப்பது பின்னங்கள் போட்ட அந்தக் கொப்பு மட்டும்.

இனி அதுவும் புதிதாக எழுதப்படுவது குறையும். 1998இன் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தில் பிம் சவிய திட்டம் காணிக்கு ஒரு முறை உரிமையைத் தீர்த்துச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறது. அதன் பிறகு பாட்டன் பூட்டன் தொடரைக் காட்டத் தேவையில்லை. உறுதி முறை நடக்கும் இடங்களிலும் தொடர்மாடி வாங்குபவரின் சட்டத்தரணி வழக்கமாக முப்பது ஆண்டு பின்னோக்கித்தான் பார்க்கிறார். கொழும்பில் முப்பது ஆண்டு என்பது பெரும்பாலும் கட்டடக் கம்பனிக்குக் காணியை விற்ற வாரிசுகளோடு நின்றுவிடும். அதற்கு முந்திய ஏடுகளைக் கேட்டு வருபவர்கள் இனி வம்சம் தேடுபவர்களும் வழக்குக்காரர்களும்தான்.